ரத்தக்குழாயில் சுண்ணாம்பு... டயாலிசிஸ் வீடுகளுக்கு ஓர் எச்சரிக்கை!

உங்கள் வீட்டில் யாருக்காவது டயாலிசிஸ் நடக்கிறதா? அப்படியானால் மூன்று எண்கள் வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடமாக இருக்கும். கிரியாட்டினின் எவ்வளவு, யூரியா எவ்வளவு, பொட்டாசியம் எவ்வளவு? ரிப்போர்ட் கைக்கு வந்ததும் முதலில் கண் போவது அங்கேதான். அதே பேப்பரில் கொஞ்சம் கீழே 'பாஸ்பரஸ்' என்று ஒரு வரி இருக்கும். அதைப் பார்ப்பவர்கள் குறைவு. பார்த்தாலும், 'அது என்னமோ எலும்பு சம்பந்தப்பட்டது' என்று விட்டுவிடுவார்கள்.

எலும்போடு நின்றுவிட்டால் பரவாயில்லையே! அது இதயத்தில் போய் முடிகிற சமாசாரம்.

கசப்பான ஓர் உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். டயாலிசிஸ் செய்துகொள்பவர்களில் அதிகம் பேரின் உயிரைப் பறிப்பது இதய நோய்தான். 1998-ல் அமெரிக்காவில் வெளியான ஒரு கணக்குப்படி, இதய, ரத்தக்குழாய் நோய்களால் இறக்கும் அபாயம் மற்றவர்களைவிட டயாலிசிஸ் நோயாளிகளுக்கு 10 முதல் 20 மடங்கு அதிகம். இளம் வயதினரிடம் இந்த வித்தியாசம் இன்னும் மோசம். 25-லிருந்து 34 வயதுக்குள் இருக்கும் ஒரு டயாலிசிஸ் நோயாளிக்கு உள்ள இதய அபாயம், 75 வயதைத் தாண்டிய ஒரு சாதாரண முதியவருக்கு உள்ள அபாயத்துக்குக் கிட்டத்தட்டச் சமம்.

'சர்க்கரை, பிரஷர் இருப்பவர்களுக்குத்தானே கிட்னி போகிறது? அவர்களுக்கு ஹார்ட் பிரச்னையும் வருவது சகஜம்தானே?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதுவும் ஒரு காரணம்தான். டயாலிசிஸ்களுக்கு நடுவே உடம்பில் சேர்கிற தண்ணீர், உப்பு, ரத்தசோகை... இவையும் இதயத்தைப் படுத்துகின்றன. ஆனால் சர்க்கரையும் இல்லாமல், வயதும் ஆகாமல் இருக்கும் பிள்ளைகளுக்கு ஏன் வருகிறது?

அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் இருக்கும் கலிஃபோர்னியா பல்கலைக்கழக டாக்டர்கள் இதைத்தான் பார்த்தார்கள். 30 வயதுக்கு உட்பட்ட 39 டயாலிசிஸ் நோயாளிகளின் இதயத்தை விசேஷ ஸ்கேன் எடுத்தார்கள். 20 வயதுக்குக் கீழே இருந்த 23 பேரில் ஒருவருக்குக்கூட இதய ரத்தக்குழாயில் சுண்ணாம்பு இல்லை. 20-லிருந்து 30 வயதுக்குள் இருந்த 16 பேரில் 14 பேருக்கு இருந்தது! அவர்களில் சிலரைச் சராசரியாக 20 மாதம் கழித்து மறுபடி ஸ்கேன் செய்தபோது சுண்ணாம்பின் அளவு ஏறத்தாழ இரட்டிப்பாகியிருந்தது. 2000-ம் ஆண்டு இந்த முடிவு வெளியானபோது, சிறுநீரக டாக்டர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

பாய்லர் உப்பு இல்லை... எலும்பு!

வெந்நீர் பாய்லரில் உப்புத் தண்ணீர் ஊற்றினால் உள்ளே வெள்ளையாகப் படிகிறதல்லவா? ரத்தக்குழாயில் சுண்ணாம்பு ஏறுவதும் அப்படித்தான் என்று ரொம்ப காலம் நினைத்தார்கள். விஷயம் அவ்வளவு சாது அல்ல.

ரத்தக்குழாயின் சுவரில் மூன்று அடுக்குகள். கொலஸ்ட்ரால் படிந்து அடைப்பு உண்டாவது உள் அடுக்கில். டயாலிசிஸ் நோயாளிகளுக்கு அது தவிர, நடு அடுக்கிலும் சுண்ணாம்பு ஏறுகிறது. அங்கே இருப்பது தசை. இப்படி நடு அடுக்கு கெட்டிப்படுவதை 1903-லேயே மன்கெபெர்க் என்ற ஜெர்மன் டாக்டர் விவரித்துவிட்டார். இதில் குழாய் அடைபடுவதில்லை. விறைத்துப் போகிறது.

2000-ம் ஆண்டு வாக்கில், மனித ரத்தக்குழாயின் தசைச் செல்களைச் சோதனைக்கூடத்தில் பாஸ்பரஸ் அதிகமுள்ள திரவத்தில் வளர்த்துப் பார்த்தார்கள். அந்தச் செல்கள் தசையின் குணத்தை விட்டுவிட்டு, எலும்பை உருவாக்கும் செல்களின் குணத்துக்கு மாற ஆரம்பித்தன. தங்களைச் சுற்றிக் கால்சியத்தைச் சேர்த்துக்கொண்டன. அதாவது, பாஸ்பரஸ் மிஞ்சினால் ரத்தக்குழாயின் சுவரே எலும்புக்கூடத் தொழிற்சாலையாகிவிடுகிறது!

இதைத் தடுக்க உடம்பிலேயே காவல்காரர்கள் உண்டு. ரத்தக்குழாய்ச் சுவரில் சுரக்கும் ஒரு புரதம் அதில் முக்கியமானது. 1997-ல் அந்தப் புரதமே இல்லாத எலிகளை உருவாக்கிப் பார்த்தார்கள். அவற்றின் ரத்தக்குழாய்கள் சுண்ணாம்பாகி, இரண்டே மாதத்துக்குள் இறந்துபோயின. இந்தக் காவல்காரப் புரதம் வேலை செய்ய வைட்டமின் கே வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் வார்ஃபரின் மாத்திரை அந்த வைட்டமினைத்தான் முடக்குகிறது. அதனால்தான் டயாலிசிஸ் நோயாளிக்கு வார்ஃபரின் எழுதும்போது டாக்டர்கள் ஒன்றுக்கு இரண்டு தடவை யோசிக்கிறார்கள். (இதைப் படித்துவிட்டு நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். செயற்கை வால்வு பொருத்தியவர்களுக்கு அது உயிர் காக்கும் மருந்து.)

சரி, குழாய் விறைத்தால் என்ன ஆகும்?

இதயம் ஒவ்வொரு முறை சுருங்கும்போதும் பெரிய ரத்தக்குழாய் கொஞ்சம் விரிந்து கொடுக்கும். இதயம் ஓய்வெடுக்கும் நொடியில் அது மெல்லச் சுருங்கி, ரத்தத்தை முன்னே தள்ளும். இதயத் தசைக்கே ரத்தம் போவது பெரும்பாலும் இந்த ஓய்வு நொடியில்தான். ரப்பர் குழாய் இரும்புக் குழாயாகிவிட்டால் இந்த விரிதலும் இல்லை, சுருங்குதலும் இல்லை. பிரஷர் பார்த்தால் மேல் அளவு ஏறும், கீழ் அளவு இறங்கும். 170/60 என்று வரும். 'கீழே 60-தானே, நல்லாத்தான் இருக்கு' என்று சந்தோஷப்படுகிறவர்கள் உண்டு. சந்தோஷப்பட அதில் ஒன்றுமில்லை. இரண்டு எண்களுக்கும் நடுவே இவ்வளவு இடைவெளி இருந்தால், குழாய் விறைத்திருக்கலாம் என்று அர்த்தம். விறைத்த குழாயை எதிர்த்து அடித்து அடித்து இதயத் தசை தடித்துப் போகும். தடித்த தசைக்கு ரத்தம் அதிகம் வேண்டும், கிடைப்பதோ குறைவு. துடிப்பு தாறுமாறாவதும், திடீரென்று நின்றுபோவதும் இந்த நிலையில்தான்.

இதற்கு வலி கிடையாது, வீக்கம் கிடையாது. வருடக்கணக்கில் சத்தமே போடாது. வேறு எதற்கோ எடுக்கும் எக்ஸ்ரேயில் வயிற்றுப் பெரிய ரத்தக்குழாய் வெள்ளைக் கோடாகத் தெரியும்போதோ, எக்கோவில் வால்வு கெட்டிப்பட்டிருப்பது தெரியும்போதோ, கையில் ஃபிஸ்டுலா போடும் சர்ஜன், 'குழாய் கல் மாதிரி இருக்கே' என்று சொல்லும்போதோதான் தெரியவரும். பக்கவாட்டில் எடுக்கும் ஒரு சாதாரண வயிற்று எக்ஸ்ரேயும் ஓர் எக்கோவும் போதும், இருக்கிறதா இல்லையா என்று ஓரளவு சொல்லிவிடலாம். டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள்.

'கொலஸ்ட்ரால் மாத்திரை போட்டால் சரியாகிவிடாதா?'

இல்லை. 2005-ல் ஜெர்மனியில் 1,255 சர்க்கரை நோயாளிகளிடமும், 2009-ல் பல நாடுகளில் 2,776 பேரிடமும் சோதித்தார்கள். எல்லோரும் டயாலிசிஸில் இருந்தவர்கள். கொலஸ்ட்ரால் நன்றாக இறங்கியது. மாரடைப்பு, பக்கவாதம், இதய நோய் மரணம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்ததில் சொல்லிக்கொள்ளும்படியான பலன் இல்லை! ஆகவே, டயாலிசிஸ் ஆரம்பித்த பிறகு புதிதாக அந்த மாத்திரையைத் தொடங்குவதில்லை. ஏற்கெனவே சாப்பிட்டு வந்தவர்கள் தொடரலாம் என்பதுதான் இப்போதைய வழிமுறை. எண்ணெயைக் குறைத்துவிட்டோம், நெய்யை நிறுத்திவிட்டோம் என்று திருப்தி அடைந்துவிடாதீர்கள். இங்கே வில்லன் வேறு ஆள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

ரத்தத்தில் பாஸ்பரஸ் 2.5-லிருந்து 4.5 மில்லிகிராம் வரை இருந்தால் சரியான அளவு. டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு 5.5-க்குள் இருந்தாலே பல டாக்டர்கள் நிம்மதியடைவார்கள். 1998-ல் அமெரிக்காவில் 6,000-க்கும் மேற்பட்ட டயாலிசிஸ் நோயாளிகளின் விவரங்களைப் பார்த்தபோது, 6.5-ஐத் தாண்டியவர்களுக்கு மரண அபாயம் 27 சதவீதம் அதிகமாக இருந்தது.

'வாரம் மூன்று தடவை மிஷினில் சுத்தம் பண்ணுகிறார்களே, அது போகாதா?'

போகும். எவ்வளவு போகும் என்பதுதான் கேள்வி. நம் தினசரி சாப்பாட்டில் சுமார் 1,000 மில்லிகிராம் பாஸ்பரஸ். அதில் சுமார் 600 ரத்தத்தில் சேர்கிறது. வாரத்துக்கு 4,200. நான்கு மணி நேர டயாலிசிஸ் ஒன்றில் வெளியேறுவது சுமார் 800. வாரம் மூன்று முறை என்றால் 2,400. மீதி 1,800 எங்கே போகும்? செலவைப் பார்த்தோ, தூரத்தைப் பார்த்தோ வாரம் இரண்டு முறையோடு நிறுத்திக்கொள்கிற குடும்பங்கள் நம் ஊரில் நிறைய. அவர்கள் கணக்கில் மீதி 2,600!

யூரியாவைப் போல பாஸ்பரஸ் சட்டென்று வெளியே வராது. அது செல்களுக்குள் உட்கார்ந்திருக்கிறது. ரத்தத்தில் இருப்பதை மிஷின் எடுத்த பிறகு, செல்லிலிருந்து மெல்ல மெல்லத்தான் ரத்தத்துக்கு வரும். ஆகவே இதில் நேரம்தான் முக்கியம். 'சிஸ்டர், இன்னிக்கு ஒரு அரை மணி முன்னாடியே எடுத்துடுங்க' என்று கெஞ்சுகிறவர்கள் எல்லா டயாலிசிஸ் யூனிட்டிலும் உண்டு. ஊசியோடு நான்கு மணி நேரம் படுத்திருப்பது எவ்வளவு அலுப்பு என்று புரிகிறது. ஆனால் அந்த அரை மணியில் நஷ்டம் உங்களுக்குத்தான். கனடாவின் டொரன்டோ நகரில் வாரத்தில் ஆறு இரவு, தூங்கும்போதே மெதுவாக டயாலிசிஸ் செய்து பார்த்தார்கள். பாஸ்பரஸ் மாத்திரையையே நிறுத்திவிடும் அளவுக்கு அவர்களுக்கு அது இறங்கியது. நம்மில் எல்லோருக்கும் அந்த வசதி இல்லை. எழுதிக்கொடுத்த நேரத்தை முழுசாக முடிப்பது நம் கையில் இருக்கிறது.

மீதியைச் சமாளிக்கத்தான் மாத்திரை. கால்சியம் அசிடேட், கால்சியம் கார்பனேட், செவலமர், லாந்தனம் என்று பல பெயர்களில் வருகிறது. இது ரத்தத்தில் போய் வேலை செய்யும் மருந்தே இல்லை! வயிற்றிலும் குடலிலும் சாப்பாட்டோடு கலந்து, அங்கேயே பாஸ்பரஸைப் பிடித்துக்கொண்டு மலத்தோடு வெளியேறுகிறது. சாப்பாடு இருக்கும்போது மாத்திரையும் அங்கே இருந்தால்தான் பலன். ஒரு மணி நேரம் கழித்துப் போட்டால், ரயில் போன பிறகு டிக்கெட் வாங்கிய கதைதான்.

நம் வீடுகளில் நடப்பது என்ன? சாப்பிட்டு, கை கழுவி, சீரியல் பார்த்து, பிறகு ராத்திரி மாத்திரை எல்லாவற்றையும் மொத்தமாக உள்ளங்கையில் கொட்டி ஒரே மடக்கில் விழுங்குகிறோம். பிரஷர் மாத்திரைக்கு அது சரி. இதற்குச் சரிப்படாது. இந்த மாத்திரை டப்பாவை மட்டும் மற்றவற்றிலிருந்து பிரித்து, சாப்பாட்டு மேஜையில் ஊறுகாய் பாட்டிலுக்குப் பக்கத்தில் வையுங்கள். (ஊறுகாய் உங்களுக்கில்லை, மற்றவர்களுக்கு!) முதல் கவளத்தோடோ, பாதிச் சாப்பாட்டிலோ போட வேண்டும். லாந்தனம் என்றால் மென்று தின்ன வேண்டும். செவலமரை முழுசாக விழுங்க வேண்டும். தைராய்டு மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை, சில ஆன்டிபயாட்டிக் ஆகியவற்றை இதனோடு சேர்த்துப் போட்டால் அவற்றையும் இது பிடித்துக்கொண்டுவிடும். எதற்கு எவ்வளவு இடைவெளி என்று டாக்டரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

காலையில் இரண்டு இட்லி, மதியம் பருப்பு, தயிர், முட்டை என்று பெரிய சாப்பாடு. இரண்டுக்கும் ஒரே அளவு மாத்திரையா? இதையும் டாக்டரிடம் கேளுங்கள். பெரிய சாப்பாட்டுக்கு அதிகமும் சின்னதுக்குக் குறைவுமாகப் பிரித்துத் தருவார். கல்யாண வீட்டுக்குப் போனால் சட்டைப் பையில் இரண்டு மாத்திரை இருக்கட்டும். பந்தியில் உட்கார்ந்த பிறகு, 'வீட்டிலேயே வெச்சுட்டு வந்துட்டேனே' என்று சொல்வதில் பயனில்லை.

எந்த மாத்திரை சிறந்தது என்பதில் டாக்டர்களுக்குள்ளேயே வாதம் உண்டு. கால்சியம் மாத்திரை விலை மலிவு. ஆனால் பாஸ்பரஸைப் பிடிக்கும்போதே தன்னிடமுள்ள கால்சியத்தில் கொஞ்சத்தை உடம்புக்குள் விட்டுவிடும். லாஸ் ஏஞ்சலஸ் ஆராய்ச்சியில், சுண்ணாம்பு ஏறியிருந்தவர்கள் மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு கால்சியம் மாத்திரை சாப்பிட்டிருந்தார்கள். 2002-ல் 200 பேரிடம் ஒப்பிட்டபோது கால்சியம் சாப்பிட்டவர்களுக்குச் சுண்ணாம்பு கூடியது. செவலமர் சாப்பிட்டவர்களுக்கு அப்படிக் கூடவில்லை. ஆனால் 2021-ல் ஜப்பானில் லாந்தனத்தையும் கால்சியத்தையும் ஒப்பிட்டதில் இதய நோய் வருவதில் வித்தியாசம் தெரியவில்லை. ஆகவே விலை உயர்ந்த மாத்திரை வாங்க முடியவில்லையே என்று மனசு உடைய வேண்டாம். கால்சியம் மாத்திரையின் அளவை மட்டுப்படுத்துங்கள் என்பதுதான் 2017-ல் வந்த சர்வதேச வழிகாட்டுதல்.

தவறு நடப்பது வேறு இடத்தில். 'காலெல்லாம் வலிக்குது' என்று சொன்னால் போதும், பக்கத்து வீட்டு மாமி ஒரு கால்சியம் மாத்திரை சொல்வார். மெடிக்கல் ஷாப்பில் 60,000 யூனிட் வைட்டமின் டி பொடியையும் சேர்த்துக் கொடுப்பார்கள். மற்றவர்களுக்கு அது எப்படியோ, டயாலிசிஸ் நோயாளி ரத்தப் பரிசோதனை இல்லாமல் இவற்றைத் தொடவே கூடாது. கால்சியத்தையும் பாஸ்பரஸையும் ஒரேயடியாக ஏற்றிவிடும்.

எண்ணைப் படியுங்கள்!

சாப்பாட்டு விஷயத்துக்கு வருவோம். முதல் எச்சரிக்கை: பாஸ்பரஸ் பயத்தில் புரதத்தை நிறுத்திவிடாதீர்கள். டயாலிசிஸ் நோயாளிக்கு ஒரு கிலோ எடைக்கு தினமும் 1 முதல் 1.2 கிராம் புரதம் தேவை. மெலிந்து போனால் அதுவும் ஆபத்துதான்.

பருப்பு, தானியங்களில் பாஸ்பரஸ் இருந்தாலும் அதில் பெரும்பகுதி நம் குடலால் பிரிக்க முடியாத வடிவில் இருக்கிறது. பாதி அளவுக்குக் கீழேதான் சேரும். பாலிலும் மாமிசத்திலும் இருப்பது அதைவிட அதிகம் சேரும். 2011-ல் அமெரிக்காவில் சிறுநீரக நோயாளிகளுக்கு ஒரு வாரம் சைவச் சாப்பாடும், ஒரு வாரம் மாமிசச் சாப்பாடும் கொடுத்தார்கள். இரண்டிலும் பாஸ்பரஸ் ஒரே அளவு. சைவ வாரத்தில்தான் ரத்தத்தில் பாஸ்பரஸ் குறைவாக இருந்தது. ஆகவே சாம்பாரைக் கண்டு நடுங்க வேண்டியதில்லை. (பொட்டாசியம் கணக்கு தனி. அதை உங்கள் டயட்டீஷியன் சொல்வார்.)

முட்டை சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. வெள்ளைக் கருவில் சுமார் 3.5 கிராம் புரதம். பாஸ்பரஸ் வெறும் 5 மில்லிகிராம். மஞ்சள் கருவில் 60-க்கு மேல். மஞ்சளைப் பேரப்பிள்ளைக்குக் கொடுத்துவிடுங்கள். நெத்திலி மாதிரி முள்ளோடு சாப்பிடும் மீனும், அதன் கருவாடும் வேண்டாம். 200 மில்லி டம்ளர் பாலில் 180 மில்லிகிராமுக்கு மேல் பாஸ்பரஸ் உண்டு. உடம்பு தேறட்டும் என்று அந்தப் பாலில் சத்துமாவும் ஊட்டச்சத்துப் பொடியும் கலந்து தினம் இரண்டு வேளை கொடுக்கிறோமே, அது பிரியத்தில் செய்வதுதான். ஆனால் ரிப்போர்ட்டில் பாஸ்பரஸ் இறங்காததற்குப் பல வீடுகளில் அதுவும் ஒரு காரணம்.

எல்லாவற்றையும்விட மோசம், கடையில் வாங்கும் பாக்கெட். கெடாமல் இருக்க, உப்பலாக வர, மிருதுவாக இருக்கச் சேர்க்கும் பாஸ்பேட் உப்புகள் கிட்டத்தட்ட முழுசாக ரத்தத்தில் சேர்ந்துவிடும். கறுப்புக் கோலாவில் பாஸ்பாரிக் அமிலமே இருக்கிறது. பாக்கெட் சீஸ், சாசேஜ், உடனடி நூடுல்ஸ், கேக் மிக்ஸ் எதிலும் இருக்கலாம். அட்டையில் 'பாஸ்பேட்' என்று எழுதியிருக்க மாட்டார்கள், எண் போட்டிருப்பார்கள். 338, 339, 340, 341, 450, 451, 452. இந்த ஏழு எண்களையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மளிகைப் பைக்குள் வைத்துவிடுங்கள். இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்தப் பாக்கெட் அலமாரிக்கே திரும்பிப் போகட்டும். கண்ணாடி போட்டுப் படிக்க வேண்டிய அளவுக்குச் சின்ன எழுத்தில் அச்சடித்திருப்பார்கள், அது வேறு விஷயம்!

கவனிக்காமல் விட்டால் இன்னொன்றும் நடக்கும். கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால் நான்கு குட்டிச் சுரப்பிகள் இருக்கின்றன. பாஸ்பரஸ் தொடர்ந்து மிஞ்சினால் அவை வீங்கி, பி.டி.ஹெச். என்ற ஹார்மோனை அளவுக்கு மீறிச் சுரக்கும். அது எலும்பைக் கரைத்துக் கால்சியத்தையும் பாஸ்பரஸையும் ரத்தத்தில் கொட்டும். எலும்பு ரத்தக்குழாய்போலப் பலவீனமாகும். ரத்தக்குழாய் எலும்புபோலக் கெட்டியாகும்! உடம்பெல்லாம் அரிப்பு, எலும்பு வலி, கண் சிவப்பு இவை இருந்தால் 'உஷ்ணம்' என்று விட்டுவிடாமல் ரத்தப் பரிசோதனைக்குச் சொல்லுங்கள். கால்சியம், பாஸ்பரஸ் இரண்டையும் ஒன்றிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒரு தரமும், பி.டி.ஹெச்.சை மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒரு தரமும் பார்க்க வேண்டும். தொடையிலோ வயிற்றிலோ தோல் ஊதா நிறத்தில் திட்டுத் திட்டாகி, தொட்டால் உயிர் போகிற வலி என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். தோலின் சின்ன ரத்தக்குழாய்களில் சுண்ணாம்பு ஏறியதன் அறிகுறியாக அது இருக்கலாம்.

'இதெல்லாம் டிரான்ஸ்பிளான்ட் ஆகும் வரைதானே?' என்று நினைப்பவர்களுக்கு ஒரு விஷயம். புதுச் சிறுநீரகத்தை அடிவயிற்றில் இடுப்புப் பக்கம் போகும் ரத்தக்குழாயில்தான் தைக்கிறார்கள். அந்தக் குழாய் சுண்ணாம்பேறி ஓடு மாதிரி ஆகியிருந்தால் ஊசி இறங்காது, தையல் நிற்காது. ஆபரேஷனுக்கு முன் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, 'குழாய் சரியில்லை' என்று சர்ஜன் கைவிரிக்கும் நிலையும் வரலாம். தமிழக அரசின் 'டிரான்ஸ்டான்' பட்டியலில் பெயரைப் பதிந்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். ஏறிய சுண்ணாம்பைக் கரைத்து எடுக்க நிரூபணமான மருந்து கிடையாது. முறை வரும்போது தைக்கத் தக்க குழாய் இருக்குமா என்பது, காத்திருக்கும் அந்த வருடங்களில் சாப்பாட்டு மேஜையில் நடப்பதையும் பொறுத்தது.